அம்மா விட்டுக்கொடுத்த குழிகள்

எங்கள் மலை வீட்டில் செல்போன் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான்: வாஷிங் மெஷினுக்கு மேலே. பக்கத்தில் நின்றால் போதாது, ஏறி உட்கார வேண்டும். அப்பா முக்கால்வாசி நேரம் அங்கேதான் இருப்பார். தலையில் வெள்ளைத் தொப்பி, காலில் கோல்ஃப் ஷூ, மடியில் இன்னும் கவர் பிரிக்காத கையுறை. காலை ஆட்டிக்கொண்டே, கீழே திருப்பூரில் துணிக்குச் சாயம் போடும் டையிங்காரரிடம், "ஏனுங்க, நேவி ப்ளூ கேட்டா கத்திரிக்கா கலர்ல போட்டு அனுப்பியிருக்கறீங்க, பையருக்கு நான் என்னன்னுங்க சொல்றது?" என்று கத்துவார். ஜன்னலுக்கு வெளியே மேகம் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

நான் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடப்பேன். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன். அப்பா இறங்கினால் நான் ஏறுவேன். கோயம்புத்தூரில் பி.டெக் முடித்துவிட்டு எங்கள் பனியன் கம்பெனியிலேயே மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறேன். மிஷின் சத்தம், ஹிந்தி, நெல்லைத் தமிழ், இங்கிலீஷ் மெயில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதினால்தான் எனக்கு மூளை ஓடும். மலையில் ஒரு பறவை கத்தும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பறவை அதற்குப் பதில் சொல்லும். அன்றைய நியூஸ் அவ்வளவுதான்.

அந்த வீட்டை விற்றுவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஒளிவு மறைவே கிடையாது. காரில் ஏறும்போதே ஆரம்பித்துவிடுவேன்.

அப்பா அதை வாங்கியதற்குக் காரணம் ஒரு பையர். எங்களுக்கு ஆர்டர் தரும் வெளிநாட்டுக்காரர். ஒருமுறை சாம்பிள் பார்க்க வந்தவர் கோல்ஃப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவர் விமானம் ஏறிய கையோடு, பழனி தாண்டி மலை மேலே, பெரிய கேட் போட்ட குடியிருப்பு ஒன்றில், கோல்ஃப் மைதானத்தைப் பார்த்த மாதிரி ஒரு வீட்டை அப்பா பேசி முடித்துவிட்டார். அந்தப் பையர் இதுவரை வரவில்லை. அவருக்கு முதுகு வலியாம்.

அங்கே இருப்பவர்கள் சென்னை, பெங்களூர், மதுரை என்று பல ஊர்க்காரர்கள். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். நடுவில் ஒன்பது குழி உள்ள மைதானம், அதன் ஓரத்தில் ஒரு கிளப். எதிரில் வந்தால் கையை உயர்த்துவார்கள், சிரிப்பார்கள், "ஒரு நாள் வீட்டுக்கு வர்றோம்" என்பார்கள். அந்த ஒரு நாள் மட்டும் எந்தக் காலண்டரிலும் இல்லை.

நாங்களும் சும்மா இருந்தோமா என்றால், இல்லை. புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றைக்கு அம்மாவின் ஊரான மடத்துக்குளத்திலிருந்து வேன் வேனாகச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். யாரோ ஒரு மாமா, வெட்டி விட்ட புல் நன்றாக இருக்கிறதே என்று மூன்றாவது குழிக்குப் பக்கத்தில் ஜமுக்காளம் விரித்துப் படுத்துவிட்டார். பந்தோடு வந்தவர்கள் அவர் எழும் வரை மரியாதையாகக் காத்திருந்தார்கள். குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் சாயங்காலம் வரை மரியாதை தாங்கவில்லை.

அப்பா பங்குக்கு அவரும் ஒன்று செய்தார். திருப்பூர்க்காரன் கை சும்மா இருக்காது. எதிரே ஒருவர் டீ-சர்ட் போட்டு நின்றால், பேசிக்கொண்டே அதன் கீழ் ஓரத்தைப் பிடித்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்க்கும், திருப்பித் தையலைப் பார்க்கும். எங்கள் ஊரில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அவரும் நம்முடையதைப் பிடித்துப் பார்ப்பார், கணக்குச் சரியாகிவிடும். மலை கிளப்பில் அறிமுகம் செய்துவைத்த முதல் நாளே அப்பா செயலாளரின் டீ-சர்ட்டைத் தொப்புள் வரை தூக்கிவிட்டார். "ஓவர்லாக் தையல் சரியில்லீங்க, நாலு தொவப்புல பிரிஞ்சுக்கும்" என்று நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதற்குப் பிறகு அந்தச் செயலாளர் எங்களிடம் பேசும்போதெல்லாம் இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டுதான் பேசுகிறார்.

இதில் உண்மையிலேயே அடி வாங்கியது அம்மாதான். ஒவ்வொரு முறையும் திருப்பூரிலிருந்து கார் டிக்கியில் ஒரு சமையலறையையே ஏற்றிக்கொண்டு வருவாள். ஊத்துக்குளி வெண்ணெய், நாட்டுக்கோழி, கச்சாயப் பலகாரம் சுட மாவு, எல்லாம் யாராவது வந்தால் போடுவதற்கு. யாரும் வராமல் திரும்பவும் ஏற்றிக்கொண்டு இறங்குவோம். ஒருநாள் மலைப் பாதையின் ஒரு வளைவில், அப்பாவுக்குச் சிக்னல் போயிருந்த நேரமாகப் பார்த்து, அம்மா சொன்னாள்.

"ஏனுங்க. இன்னொருக்கா வர்றனுங்க. அப்பவும் அந்த ஊட்டுல ஒரு குடும்பம் வந்து ஒக்காந்து கை நனைக்கலீன்னா, அதுக்கப்பறம் நான் மலையேற மாட்டனுங்க. ஒறம்பறன்னு நாலு பேரு வராத ஊட்டுல எனக்கென்னங்க வேல? நீங்களும் உங்க வாசிங் மிசினும் போய் இருந்துக்குங்க."

"ஏம்புள்ள, அவங்க பழக்கம் வேற…"

"சோறு திங்கற பழக்கம் எல்லாருக்கும் ஒன்னுதானுங்க."

நான் பின் சீட்டில் சத்தமில்லாமல் கை தட்டினேன். விற்கும் கட்சிக்கு ஒரு ஓட்டு கூடியது.

ஆனால் அம்மா ஒன்றைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அங்கே மனிதர்கள் கூடுவது மைதானத்தில்தான் என்று கண்டுபிடித்துவிட்டாள். அப்பாவின் ஸ்டிக்குகளில் ஒன்றைத் திருப்பூருக்கு எடுத்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. கட்டிங் ஹாலில் துணி வெட்டியது போக மிச்சம் விழும் வேஸ்ட்டை மூட்டை மூட்டையாகக் கட்டி அடுக்கியிருப்பார்கள். அதற்கு எதிரே நின்று, மொபைலில் வீடியோ பார்த்துப் பார்த்து, மூட்டையைக் குறி வைத்துப் பந்தை அடித்தாள். பனியன் வேஸ்ட் எப்படி அடித்தாலும் பந்தை முழுங்கிக்கொள்ளும். தொப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாதக்கணக்கில் இது நடந்தது. அம்மா பலமாக, நேராக அடிக்கக் கற்றுக்கொண்டாள். கடைசியில் ஒரு சின்னக் குழிக்குள் மெதுவாகத் தட்டிவிட வேண்டும் என்கிற பாதி விளையாட்டை அந்த மூட்டை அவளுக்குச் சொல்லித்தரவே இல்லை.

அந்த "இன்னொருக்கா" வந்தபோது, மலையில் குடும்ப தினம். அதில் பெண்கள் ஜோடி ஆட்டம் ஒன்று உண்டு. சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்ப்பார்கள். இந்த முறை பெயர் கொடுத்ததே நாலு பேர்தான். அம்மாவுக்கு ஜோடியாக விழுந்தது எங்கள் பக்கத்து வீட்டம்மா. சென்னையில் ஒரு கல்லூரியில் பிரின்சிபாலாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் எல்லாரையும் வராண்டாவில் நிற்க வைத்தது மாதிரிதான் பார்ப்பார். வருடக்கணக்காக ஆடுகிறவர், கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை. போன வருடம் கடைசிக் குழியில் விட்டுவிட்டாராம்.

முந்தின நாள் அம்மா வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அவர் வீட்டுக்கே போய் அழைத்தாள். நானும் கூடப் போனேன், வேறு வேலை இல்லாததால்.

"ஏனுங்கக்கா, நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் ராத்திரிச் சாப்பாடு நம்மூட்டுலதானுங்க. அண்ணனையும் கூட்டிட்டு வந்துருங்க. சந்தகை செய்யறனுங்க."

பக்கத்து வீட்டம்மா கொஞ்சம் யோசித்தார். "ஜெயிச்சா செலிப்ரேஷன் மாதிரி இருக்கும். சரி, வர்றோம்."

இந்த மலையில் அம்மா கேட்ட முதல் "சரி" அது. வீட்டுக்கு வந்ததும் அரிசி ஊறப்போட்டாள். இடியாப்பம் மாதிரி நூல் நூலாகப் பிழியும் இரும்பு சந்தகை மிஷினைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தாள். "ஜெயிச்சா" என்று அவர் சொன்னது அம்மா காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. எனக்கு விழுந்தது.

காலையில் அம்மா கிளம்பி வந்து நின்ற கோலத்தைச் சொல்ல வேண்டும். மைதானத்தில் காலர் வைத்த டீ-சர்ட் கட்டாயம். அம்மாவோ சேலையை விடமாட்டாள். எங்கள் கம்பெனியில் செக்கிங் அக்காக்கள் சேலைக்கு மேல் சட்டை போடுவார்கள் இல்லையா, அதே மாதிரி சேலைக்கு மேல் எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய ஒரு ஆரஞ்சு டீ-சர்ட், கீழே என்னுடைய ஷூ. செயலாளர் பார்த்தார். விதியில் சேலை கூடாது என்று எங்கேயும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்.

எதிர் ஜோடி மதுரையிலிருந்து வரும் ஒரு டாக்டரம்மாவும், அதே குலுக்கலில் அவருக்கே ஜோடியாக விழுந்த அவர் மகளும். போன வருடம் கோப்பை வாங்கியது டாக்டரம்மாதான். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு மெடிக்கல் நுழைவுத் தேர்வை இரண்டாவது முறை எழுதக் காத்திருக்கிறவள். தோளைக் குறுக்கிக்கொண்டு, யாராவது கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புகிற பெண். நான் அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன்.

ஆட்டம் ரொம்ப லேசானது. ஒரு ஜோடிக்கு ஒரு பந்து. இரண்டு பேரும் மாறி மாறி அடிக்க வேண்டும். குறைந்த அடியில் யார் பந்து குழியில் விழுகிறதோ அந்தக் குழி அவர்களுக்கு. அதிகக் குழி ஜெயித்தவர்களுக்குக் கோப்பை. இதில் ஒரு வழக்கம் உண்டு. பந்து குழியை ஒட்டிக் கிடந்தால், எதிராளி பெருந்தன்மையாக "எடுத்துக்கோங்க" என்று சொல்லலாம். சொல்லிவிட்டால் அந்தப் பந்து விழுந்ததாகவே கணக்கு. சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது.

முதல் குழியில் அம்மா அடித்த அடியைப் பார்த்து டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பந்து அப்படியொரு தூரம் போனது. கடைசியில் எங்கள் பந்து குழியிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. அம்மா தட்ட வேண்டிய முறை. ஸ்டிக்கைத் தலைக்கு மேல் ஓங்கினாள், வேஸ்ட் மூட்டைக்கு ஓங்குவது மாதிரியே. டாக்டரம்மா பயந்துபோய், "வேணாம் வேணாம், எடுத்துக்கோங்க!" என்றார்.

அம்மா ஸ்டிக்கை இறக்கினாள். "என்னதுங்க?"

"குடுத்துட்டாங்க. விழுந்ததா கணக்கு. வாங்க, அடுத்ததுக்குப் போலாம்" என்றார் பக்கத்து வீட்டம்மா.

"சும்மாவேவாங்க குடுத்தாங்க?"

"சும்மாதான்."

அம்மா முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு போசிப் பாத்திரத்தில் ஏதாவது வந்தால், அந்தப் போசியைக் காலியாகத் திருப்பக் கூடாது. ஒன்றுமில்லை என்றால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். வந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த மலையில் முதல்முறையாக அம்மாவுக்கு ஒருவர் எதையோ கொடுத்திருக்கிறார். இனி என்ன நடக்கும் என்று எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. நான் சிக்னல் தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது குழியில் டாக்டரம்மாவின் பந்து குழியிலிருந்து ஒரு கட்டில் நீளம் தள்ளி நின்றது. அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சரிவைப் பார்த்தார்.

"ஐயோ, எதுக்குங்க டாக்டரம்மா குனிஞ்சு சிரமப்படறீங்க? எடுத்துக்குங்க, பரவால்லீங்க!"

டாக்டரம்மா நிமிர்ந்தார். மகள், "ஆன்ட்டி, நிஜமாவா?" என்றாள்.

"ஆமா கண்ணு. எடுத்துக்கச் சொல்லு அம்மாவ."

பக்கத்து வீட்டம்மா அம்மாவின் ஆரஞ்சு டீ-சர்ட்டைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். "என்ன பண்றீங்க நீங்க? அவ்ளோ தூரம் இருக்கு. அவங்க மிஸ் பண்ணியிருப்பாங்க!"

"மிஸ் பண்ணட்டும்னு பாத்துட்டு நிக்கறது நல்லாவாங்க்கா இருக்குது?"

"அதுதாங்க கேமே!"

"நம்மளுக்கு மொத அவங்கதானுங்க குடுத்தாங்க?"

"ஒரு சாண் குடுத்தாங்க. நீங்க ஒரு ரூமே குடுத்துட்டீங்க!"

அம்மா சரி சரி என்று தலையாட்டினாள். மூன்றாவது குழியில் எங்கள் மாமா தூங்கிய இடத்தைப் பார்த்ததும் அவருக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதற்கும் சேர்த்து ஒரு பந்தைக் கொடுத்தாள். அடுத்த குழிகளில் பக்கத்து வீட்டம்மா நெருப்பு மாதிரி ஆடினார். அம்மாவும் தூரத்து அடிகளை விளாசினாள். இரண்டு குழி முன்னால் போனோம். பிறகு டாக்டரம்மாவுக்கு மூச்சு வாங்கியது, அதைப் பார்த்த அம்மா இன்னொன்றைக் கொடுத்தாள். பக்கத்து வீட்டம்மா இப்போது கத்தவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "இனிமே நீங்க வாயே திறக்கக் கூடாது. ப்ளீஸ்." அம்மா சேலை முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அப்படியே இரண்டு குழி ஆடினாள். அந்த இரண்டையும் டாக்டரம்மா சொந்தமாக ஆடி ஒன்றைச் சமன் செய்து ஒன்றை ஜெயித்தார் என்பது தனிக் கதை.

நடுவில் இன்னொன்றும் நடந்துகொண்டே இருந்தது. மகள் தட்டித் தவறவிடும்போதெல்லாம் டாக்டரம்மா அவளை விடவில்லை. குரலை உயர்த்தவே இல்லை. அதைத்தான் கேட்க முடியவில்லை. "பார்த்துத் தட்டுன்னுதானே சொன்னேன்?" "கவனம் எங்க இருக்கு?" "இதுவே ஒழுங்கா வரலைன்னா பரீட்சை எப்படிம்மா எழுதுவ?" அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் "சாரிம்மா" என்றாள். அம்மாவின் முந்தானைக்குள் என்னவோ முனகல் கேட்டது.

கடைசிக் குழி. இரண்டு ஜோடியும் சமம். கிளப் வாசலிலேயே அந்தக் குழி இருப்பதால் குடும்பங்கள் எல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தன. அப்பாவும் வாஷிங் மெஷினை விட்டு இறங்கி வந்திருந்தார். பக்கத்து வீட்டம்மா ரொம்பத் தூரத்திலிருந்து ஒன்று தட்டினார். பந்து வளைந்து, நெளிந்து, போய் விழுந்தது. எல்லாரும் கத்தினார்கள். நான்கூடக் கத்தினேன். எங்கள் வேலை முடிந்தது.

இனி அந்தப் பெண் தட்ட வேண்டும். அவள் பந்து இரண்டு முழம் தள்ளிக் கிடந்தது, இறக்கத்தில். தவறினால் கோப்பை எங்களுக்கு. விழுந்தால் சமம். சமம் என்றால் போன வருடம் ஜெயித்தவரிடமே கோப்பை இருக்கும் என்பது அங்கே வழக்கம். அதாவது டாக்டரம்மாவிடம்.

அந்தப் பெண் ஸ்டிக்கைப் பிடித்தாள். விட்டாள். உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். திரும்பப் பிடித்தாள். கை நடுங்கியது, எனக்கே தெரிந்தது. டாக்டரம்மா பின்னால் நின்று, "நிதானம். இதையாவது," என்றார்.

பக்கத்து வீட்டம்மா அம்மாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஊறப்போட்டு ஆட்டி வைத்த மாவு, கறிவேப்பிலை தாளித்து இறக்கிய கோழிக் குழம்பு, "ஜெயிச்சா" என்கிற சொல், எல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கும் வந்திருக்கும். முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"அம்மா, வேண்டாம்" என்றேன்.

"எடுத்துக்க கண்ணு" என்றாள் அம்மா. "போதும். நல்லா ஆடுன."

அந்தப் பெண் ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். யாரும் கை தட்டவில்லை. கிளப் சமையல்காரர் மட்டும், என்ன நடந்தது என்று தெரியாமல், தட்டினார்.

பக்கத்து வீட்டம்மா எல்லாருக்கும் கை கொடுத்தார். எங்களுக்கும் கொடுத்தார். "ராத்திரி வர முடியுமான்னு தெரியல. தலை வலிக்குது," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அவர் கணவர் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

வீட்டுக்கு வந்ததும் நான் வெடித்தேன். "ஒரே ஒரு நிமிஷம் வாய மூடியிருந்தா அவங்க வந்திருப்பாங்கல்ல? நீதான கேட்ட, ஒரு குடும்பம் வரோணும்னு? நீயே கெடுத்துட்டு வந்து நிக்கற!" இதில் வேடிக்கை, யாரும் வராமல் போனால் எனக்குத்தான் லாபம். வீடு விலைக்குப் போய்விடும். ஆனால் ஏனோ அப்போது கோபம்தான் வந்தது.

அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். "அந்தப் புள்ள கையப் பாத்தியில்ல சாமி?"

"பாத்தேன்."

"அப்பறம் என்ன கேக்கற?"

சந்தகையில் ஒரு சிக்கல் உண்டு. மாவை இட்லி மாதிரி வேகவைத்து, சூடு ஆறும் முன்னால் மிஷினில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் கல். மலைக் குளிரில் கண் மூடித் திறப்பதற்குள் ஆறிவிடும். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் பிழிய முடியும். அதனால் அம்மா வேகவைத்ததை ஆவியிலேயே வைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நான் பால்கனிக்குப் போனேன், வந்தேன், போனேன். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. திரைச்சீலை இழுத்துவிட்டிருந்தது. அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினில் ஏறாமல் சும்மா நின்றார். அது எங்கள் வீட்டில் நடக்கவே நடக்காத விஷயம்.

"இன்னொருக்கா போய்க் கூப்புட்டுப் பாக்கட்டுமா?" என்றார்.

"நேத்தே கூப்புட்டாச்சுங்க. நம்ம வேல அவ்வளவுதான்." அம்மா குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பாட்டு மேஜையில் வைத்த தட்டுகளில் இரண்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். பிறகு அதையே திரும்ப எடுத்து மேஜையில் வைத்தாள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

காலிங் பெல் அடித்தது.

வந்தது டாக்டரம்மாவின் மகள். காலையில் பார்த்த அதே உடை, மேலே ஒரு ஸ்வெட்டர். "தேங்க்ஸ் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் ஆன்ட்டி," என்றாள் வாசலிலேயே நின்று.

"தேங்க்ஸ ஆரு கேட்டா? உள்ள வா கண்ணு. சாப்புட்டியா?"

"அம்மாகிட்ட சொல்லாம வந்துட்டேன்…"

"சாப்புட்டுட்டுப் போய்ச் சொல்லிக்கலாம்."

அவ்வளவுதான். அவளை மிஷினுக்கு முன்னால் நிறுத்திவிட்டோம். நான் மிஷினின் காலைப் பிடித்துக்கொள்ள, அவள் கைப்பிடியைச் சுற்ற, அம்மா சூடான மாவை உள்ளே தள்ள, வெள்ளை வெள்ளையாக நூல் இறங்கியது. முதலில் பயந்து பயந்து சுற்றினாள். அம்மா, "கம்பெனில துணி ஓட்டற மிசினு மாதிரி நெனச்சுக்க, நிறுத்தவே கூடாது," என்றாள். பிறகு முழு பலத்தோடு சுற்றினாள். அவள் சிரித்ததை அன்றைக்கு அப்போதுதான் பார்த்தேன். கை நடுங்கவில்லை.

மகளைத் தேடிக்கொண்டு டாக்டரம்மா வந்தார். போன் போகவில்லையாம், எங்கே போகும்? நாலு வீட்டில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் நின்று, "இங்க என்ன பண்ற?" என்று ஆரம்பித்தார். அம்மா அதற்கு மேல் போக விடவில்லை.

"உங்க புள்ள பிழிஞ்ச சந்தகைங்க. ஆறுனா வீணாப் போயிரும். மொத ஒக்காருங்க டாக்டரம்மா. திட்டறத அப்பறமா திட்டிக்கலாம்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்தார். அதற்குள் தட்டு வந்துவிட்டது, மேலே குழம்பும் விழுந்துவிட்டது. ஒரு வாய் சாப்பிட்டார். மகளைப் பார்த்தார். "இது நீயா செஞ்ச?" என்றார். தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டார்.

திரும்பவும் காலிங் பெல். இந்த முறை அடித்த அடியிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டம்மா, பின்னால் அவர் கணவர். திரைச்சீலை இழுத்துவிட்டிருந்தாலும் அது வழியாகப் பார்க்கலாம் போலிருக்கிறது. உள்ளே வந்து, மேஜையில் டாக்டரம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இடுப்பில் கை வைத்தார்.

"ஏங்க, என் மேட்ச்சத்தான் தூக்கி அவங்களுக்குக் குடுத்தீங்க. என் டின்னரையுமா?"

அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்குளுக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கறனுங்கக்கா. தல வலி போயிருச்சுங்களா?"

"போகல. வாசனை உள்ள வரைக்கும் வருது, எப்படிப் போகும்?"

அப்புறம் யார் யாரோடு பேசினார்கள் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மலைக்கு வந்து முதல்முறையாக அந்த வீடு எங்கள் கட்டிங் ஹால் மாதிரி இரைந்தது. அப்பா பக்கத்து வீட்டுக்காரரின் டீ-சர்ட் காலரைப் பிடித்து, "தொவச்சா சுருண்டுக்குதுங்களா?" என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஆமாங்க! எல்லா டீ-சர்ட்டும் அப்படித்தான் ஆகுது. ஏன்?" என்றார் அவர். அதற்கு மேல் அந்த ராத்திரி அப்பாவைப் பிடிக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டம்மா மூன்றாவது முறை தட்டின் மேல் கையை வைத்து மறைத்தார். "போதும்."

"இன்னொன்னே ஒன்னுங்க்கா. தேங்காப்பாலும் சக்கரையும் ஊத்தித் தின்னு பாருங்க."

"கிரவுண்ட்ல அவங்க கேக்காமயே போதும் போதும்னு குடுத்தீங்க. இங்க நான் போதும்ங்கறேன், காதுலயே விழ மாட்டேங்குது!"

டாக்டரம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார். பக்கத்து வீட்டம்மா சிரிக்கவில்லை. "நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்," என்றார். ஆனால் கையை எடுத்துவிட்டார். கோபம் உண்மைதான் என்று நினைக்கிறேன். அடுத்த வருடமும் எங்கள் பெயரோடு சீட்டு விழுந்தால் மாற்றச் சொல்லிவிடுவேன் என்று போகும்போதும் சொன்னார். அம்மா அதற்குச் சரிங்க சரிங்க என்று சொல்லிக்கொண்டே, மிச்சக் குழம்பை ஒரு எவர்சில்வர் போசியில் ஊற்றி அவர் கையில் திணித்தாள்.

மறுநாள் கிளம்பும்போது கார் டிக்கி காலியாக இருந்தது. நான் தேடிப் பார்க்கவில்லை, தானாகவே கண்ணில் பட்டது. சந்தகை மிஷினையும் காணோம்.

"அம்மா, மிஷின ஏத்தலையா?"

"இங்கயே இருக்கட்டும். எதுக்குத் தூக்கிட்டுத் தூக்கிட்டு அலையறது?"

எனக்குத் திக்கென்றது. "அந்தப் போசி? பக்கத்து ஊட்டுல இருக்குதில்ல? போய் வாங்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம் வேண்டாம்." அம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். "இப்பப் போய்க் கேட்டா, கழுவி வெறும் போசியாக் குடுத்துருவாங்க. அவங்களுக்கு நம்ம பழக்கம் தெரியாது. அடுத்த வாரம் வந்து நானே வாங்கிக்கறேன். அதுக்குள்ள டாக்டரம்மா அவங்களுக்குச் சொல்லித் தந்திருப்பாங்க. கோப்பைக்குப் பதிலுக்கு என்ன குடுக்கறதுன்னு ராத்திரி எங்கிட்டக் கேட்டாங்க, போசிப் பழக்கத்தச் சொல்லி அனுப்பிச்சிருக்கறேன்."

"அடுத்த வாரமா?"

"ஏனுங்க," என்றாள் அம்மா அப்பாவிடம், "வண்டிய எடுங்க. கீழ போயி அந்த வேஸ்ட் மூட்டைல ஒன்ன எனக்குன்னு தனியா வெக்கச் சொல்லோணும். நடுவுல ஒரு ஓட்டை போட்டு."

முதல் வளைவு திரும்பியதும் என் போனில் சிக்னல் வந்து, விடாமல் மெசேஜ் கொட்ட ஆரம்பித்தது. அதில் முதலாவதாக இருந்தது குடியிருப்பு குரூப்பில் பக்கத்து வீட்டம்மா போட்டது. சனிக்கிழமை ராத்திரி அவர் வீட்டில் சாப்பாடு, எங்களுக்கும் டாக்டர் வீட்டுக்கும் செயலாளருக்கும். கீழே செயலாளர் ஒரு கேள்வி கேட்டிருந்தார், டீ-சர்ட் எது போட்டு வருவது என்று.